சனிக்கிழமைப் புகை

பாலத்தின் நடுவே கார் நான்காவது முறையாக இருமியது. பிறகு உடம்பெல்லாம் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றுவிட்டது. பின்னால் வந்த ஐஸ்கிரீம் வண்டிக்காரர் மணியை அடித்துக்கொண்டே பக்கத்தில் வந்தார்.

"என்ன சார், தள்ளணுமா?"

"வேண்டாம்பா. கொஞ்சம் மூச்சு வாங்கிக்கிட்டா தானா கிளம்பிடும்," என்றார் நூலகர்.

"போன வாரமும் இதையேதான் சொன்னீங்க!" என்று சிரித்தபடி அவர் காரை முந்திக்கொண்டு போனார். அதுவும் மிதிவண்டியில்.

நூலகர் பக்கத்து இருக்கையைப் பார்த்தார். மாமனார் கண்களை மூடி, உதடுகள் அசைய, பிரார்த்தனையில் இருந்தார். ஒரு கை தலைக்கு மேலிருந்த கைப்பிடியை இறுகப் பற்றியிருந்தது. வலது கால் தரையை ஓங்கி அழுத்திக்கொண்டிருந்தது. கார் நின்று இரண்டு நிமிடம் ஆகியும் அந்தக் கால் எழவில்லை.

'பாவம், எவ்வளவு பயம்!' என்று நூலகர் மனம் இளகினார்.

ஒவ்வொரு சனிக்கிழமையும் மாமனாரை ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் முதியோர் இல்லத்துக்கு அழைத்துப் போவது அவர் வேலை. அங்கே மாமனாரின் பள்ளித் தோழர் சக்கர நாற்காலியில் காத்திருப்பார். இருவரும் இரண்டு மணி நேரம் சதுரங்கம் ஆடுவார்கள். அதில் ஒன்றரை மணி நேரம் சண்டை. மாமனாருக்கு இடது மூட்டு மடங்காது. பேருந்தில் ஏற முடியாது, இந்தக் காலத்துக் கார்களில் குனிந்து நுழையவும் முடியாது. அகலக் கதவும் உயர்ந்த இருக்கையும் உள்ள இந்தக் கிழக் கார் ஒன்றுதான் அவருக்கு வழி.

ஆறு வருடத்துக்கு முன், முதல் சனிக்கிழமையன்று, நூலகர் முப்பத்தைந்து கிலோமீட்டர் வேகத்தில்தான் ஓட்டினார். மாமனார் கண்ணை மூடிக் காலை அழுத்துவதைப் பார்த்ததும் முப்பதாகக் குறைத்தார். மாமனார் இன்னும் அழுத்தினார். இருபத்தைந்தாக்கினார். கால் மேலும் அழுந்தியது. அடுத்தவர் பயத்தைக் கேலி செய்யாமல் இருப்பதே பாதி அன்பு என்று நம்புகிறவர் நூலகர். அதனால் ஒரு வார்த்தை கேட்டதில்லை. வேகத்தை மட்டும் குறைத்துக்கொண்டே வந்தார்.

கார் பாலத்தில் நின்ற அன்று வீட்டுக்கு வந்ததும் நூலகத்திலிருந்து எடுத்து வந்த மோட்டார் புத்தகத்தை விரித்து வைத்து, எஞ்சினுக்குப் பொறி கொடுக்கும் நான்கு பிளக்குகளையும் கழற்றினார். நான்கும் தாளிக்கிற கரண்டி போலக் கறுத்து, பளபளவென்று நனைந்திருந்தன. குளியலறையிலிருந்து ஒரு பல்துலக்கியைக் கொண்டுவந்து பெட்ரோலில் தோய்த்துத் தேய்த்தார்.

"என்னங்க, என் பிரஷ்ஷைப் பார்த்தீங்களா? முந்தாநாள்தான் வாங்கினேன்," என்று உள்ளிருந்து மனைவியின் குரல் வந்தது.

நூலகர் கையிலிருந்ததைப் பார்த்தார். கறுப்புக்கு நடுவே ஓர் ஓரத்தில் இளஞ்சிவப்பு தெரிந்தது.

"புதுசு வாங்கித் தர்றேன்."

"பழசு எங்கன்னுதானே கேட்டேன்?"

அடுத்த சனிக்கிழமை, சுத்தம் செய்த பிளக்குகள் மறுபடி கெட்டுவிடக் கூடாதே என்று இன்னும் பூப்போல ஓட்டினார். கார் பாலம் வரைக்கும் கூடப் போகவில்லை. காய்கறிக் கடை வாசலிலேயே நீலப்புகையை விட்டு நின்றது. கடைக்காரர் இரும இரும முட்டைக்கோசை உள்ளே எடுத்து வைத்தார்.

திங்கட்கிழமை மெக்கானிக் அக்காவிடம் போனார். தெருவே அவரை அப்படித்தான் கூப்பிடும். காதில் பேனாவுக்குப் பதிலாக ஸ்க்ரூடிரைவர் செருகியிருப்பார்.

"விரலை வச்சுத் தேய்ச்சுப் பாருங்க சார்," என்று ஒரு பிளக்கை நீட்டினார். "பொடியா உதிர்ந்தா பெட்ரோல் கோளாறு. பிசுபிசுன்னு ஒட்டுதா?"

"ஒட்டுது."

"அப்ப ஆயில். உள்ள எங்கேயோ கசிஞ்சு வந்து பிளக்கை நனைக்குது. நனைஞ்ச தீக்குச்சி மாதிரிதான், பொறி வராது. பிஸ்டன் ரிங் தேய்ஞ்சிருக்கணும், இல்லன்னா வால்வ் சீல் போயிருக்கணும்."

பிளக் இருந்த துளையில் அழுத்தமானியைப் பொருத்திப் பார்த்தார். ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்த்தார். நான்கிலும் முள் இரண்டு முறையும் ஒரே இடத்தில் நின்றது.

"ரிங் தேய்ஞ்சிருந்தா ஆயில் விட்டதும் முள் ஏறியிருக்கும். ரிங் கல்லு மாதிரி இருக்கு. சீலை மாத்திடுவோம்."

சீல் மாற்றி, புதுப் பிளக்கும் போட்டு, அக்கா காரை எடுத்துக்கொண்டு ஊருக்கு வெளியே உள்ள பெரிய சாலையில் ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பிளக்குகளைக் கழற்றிக் காட்டினார். நான்கும் பிஸ்கட் நிறத்தில், உலர்ந்து, குளித்துத் தலைவாரிய பிள்ளைகள் போல இருந்தன.

நூலகருக்குக் கண் கலங்கியது. "நீங்க நல்லா இருக்கணும் அக்கா."

புதுச் சீல், புதுப் பிளக். பழகும் வரை பதமாக ஓட்ட வேண்டாமா? சனிக்கிழமை இருபதைத் தாண்டவில்லை. கார் மூன்று இடத்தில் நின்றது. மூன்றாவது இடம் ஒரு திருமண மண்டபத்தின் வாசல். வீடியோக்காரர், "சார், மாப்பிள்ளை பொண்ணுக்குப் பின்னாடி புகை நல்லா எஃபெக்டா இருக்கு, இன்னும் கொஞ்சம் விடுங்க," என்று கேட்டுக்கொண்டார்.

மாமனார் போய்ச் சேர்ந்தபோது தோழர் தூங்கிப்போயிருந்தார். மாமனார் சதுரங்கப் பலகையை மடியில் வைத்துக்கொண்டு சிறிது நேரம் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு, எழுந்து வந்தார்.

அதைக் கேட்ட மனைவிக்குப் பொறுக்கவில்லை.

"பாவம், அப்பா மூஞ்சியே செத்துப்போச்சு. இன்னும் ஒரு சனிக்கிழமை பார்ப்பேன். வண்டி நடுவழியில நின்னுச்சுன்னா, ஞாயித்துக்கிழமை பழைய இரும்புக் கடைக்காரரை வரச் சொல்லிடுவேன்."

"வண்டி போயிட்டா மாமா எப்படிப் போவாரு?"

"இப்ப மட்டும் போய்ச் சேர்றாரா?"

நூலகர் மறுபடி மெக்கானிக் அக்காவிடம் ஓடினார். அக்கா பிளக்கைத் தேய்த்துப் பார்த்தார். பிசுபிசு. காரை எடுத்துக்கொண்டு பெரிய சாலைக்குப் போனார். திரும்பி வந்து மறுபடி கழற்றினார். பிஸ்கட்.

அக்கா காதிலிருந்த ஸ்க்ரூடிரைவரை எடுத்துத் தலையைச் சொறிந்தார். "இருபத்தெட்டு வருஷமா தொழில் பண்றேன் சார். கிழமை பார்த்துக் கெட்டுப்போற எஞ்சினை இப்பதான் பார்க்கிறேன். வர்ற சனிக்கிழமை நானும் பின்னாடி உட்கார்ந்து வர்றேன்."

அந்தச் சனிக்கிழமை வந்தது. புறப்படும் முன் நூலகர் ஸ்டியரிங்கைத் தொட்டுக் கும்பிட்டார். மாமனார் ஏறி உட்கார்ந்தார், கைப்பிடியைப் பற்றினார், கண்ணை மூடினார், காலை ஊன்றினார். பின் இருக்கையில் அக்கா கருவிப்பையை மடியில் வைத்துக்கொண்டு காதைத் தீட்டினார்.

இரண்டாவது தெரு முனையில் ஒரு வாத்து, குஞ்சுகளோடு காரைக் கடந்து போனது. குறுக்கே அல்ல, காரோடு இணையாக வந்து, முந்திப் போனது.

அக்கா எட்டி வேகமானியைப் பார்த்தார்.

"சார், முள் வேலை செய்யலையா?"

"செய்யுதே. பதினெட்டு."

"பதினெட்டா! எப்பவுமே இப்படித்தான் ஓட்டுவீங்களா?"

"உஷ்! மெதுவாப் பேசுங்க." நூலகர் தலையைப் பின்னால் சாய்த்துக் கிசுகிசுத்தார். "மாமாவுக்கு வேகம்னா பயம். காலைப் பாருங்க."

அக்கா பார்த்தார். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டார். "ஐயோ சார்! சீல் மாத்தினாலும் வயசான எஞ்சின்ல ரெண்டு சொட்டு ஆயில் கசியத்தான் செய்யும். வேகமாப் போனா பிளக் சூடேறி அதைத் தானே எரிச்சுடும். நீங்க ஊர்ந்தா அது எப்படிச் சூடாகும்? நனைஞ்சுக்கிட்டேதான் இருக்கும். நீங்க காப்பாத்தக் காப்பாத்த அது சாகுது!"

பாலத்தின் ஏற்றம் வந்தது. கார் ஒருமுறை இருமியது.

"அறுபதுல போங்க. இல்லன்னா இங்கேயே நின்னுடும்."

நூலகர் மாமனாரைப் பார்த்தார். சுருங்கிய முகம், அசையும் உதடுகள், அழுந்திய கால். "மாட்டேன் அக்கா. கார் போனாப் போகட்டும். எண்பது வயசுல ஒருத்தரைப் பயமுறுத்தி நான் என்ன பண்ணப்போறேன்?"

"வண்டி போச்சுன்னா அவரோட சிநேகிதரும் போச்சு சார்."

கார் இரண்டாவது முறை இருமியது. பின்கண்ணாடியில் நீலப்புகை எழுந்தது. நூலகர் மனதுக்குள் கடவுளைக் கூப்பிட்டார். "மாமா, மன்னிச்சுக்கங்க," என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு, வாழ்நாளில் முதல்முறையாக ஆக்ஸிலேட்டரை அடிவரை மிதித்தார்.

கார் திக்கியது, திணறியது, ஒரு பெரிய புகை மூட்டையை வெளியே தள்ளியது. அப்புறம் தொண்டையைச் சரிசெய்துகொண்ட பாடகர் போல ஒரே சுருதியில் பாடத் தொடங்கியது. நாற்பது. ஐம்பது. அறுபது. ஐஸ்கிரீம் வண்டிக்காரர் பின்னால் போனார். அவர் மணியடிக்க மறந்து வாயைப் பிளந்தார்.

நூலகருக்குப் பக்கத்தில் திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை.

இருபது நிமிடம் முன்னதாகவே முதியோர் இல்லம் வந்துவிட்டது. அக்கா சற்று ஆறவிட்டு, துணியைச் சுற்றி ஒரு பிளக்கைக் கழற்றித் தூக்கிக் காட்டினார். பிஸ்கட்!

நூலகர் அதைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. ஓடிப்போய் மாமனார் பக்கத்துக் கதவைத் திறந்தார். மாமனாரின் கண்கள் நனைந்திருந்தன. கால் தரையில் தளர்ந்து கிடந்தது.

"மாமா, ரொம்பப் பயந்துட்டீங்களா? இனிமே இப்படி ஓட்டவே மாட்டேன், சத்தியமா!"

மாமனார் பதறிப்போய், இல்லை என்று தலையை ஆட்டினார். ஆனால் அவருக்கு வார்த்தை வருவதற்குள், வாசலில் சக்கர நாற்காலியில் காத்திருந்த தோழர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

"பயமா, இவனுக்கா? ஆறு வருஷமா வாராவாரம் வந்து என்கிட்டதானே புலம்புறான்: 'மாப்பிள்ளை தங்கமான மனுஷன்டா, வேகம்னாதான் அவருக்குப் பயம், சொன்னா மனசு நோகும்னு, கடவுளை வேண்டிக்கிட்டே இல்லாத ஆக்ஸிலேட்டரை நானே மிதிச்சுக்கிட்டு வர்றேன்'னு!"