தாழ்மை நாற்காலி

ஒரு காட்டில், கோயில் மணி அடித்தால் சிறுத்தைகூட முகம் கழுவிக்கொண்டு வந்து நிற்கும் அளவுக்குப் பக்தியான ஒரு காட்டில், எப்சிபா டீச்சர் என்றொரு வாத்து இருந்தார். குட்டிகளுக்கு ஓய்வுநாள் பள்ளி நடத்துவது அவர் ஊழியம். அவர் பெற்ற குஞ்சுகளெல்லாம் வளர்ந்து வேறு குளம் பார்த்துப் போய்விட்டன. ஞாயிற்றுக்கிழமை அந்த ஒரு மணி நேரமும் இல்லையென்றால், பாவம், அவர் பேசுவதற்கே ஆள் கிடையாது.

அந்தப் பள்ளிக்குத்தான் ஆபத்து வந்தது. போன வருஷ ஆண்டு விழாவில் குட்டிகள் ‘அன்பு’, ‘பொறுமை’, ‘சாந்தம்’ என்று ஆளுக்கொரு அட்டையோடு மேடை ஏறின. முன்வரிசையில் யார் நிற்பது என்று தகராறு. கரடிக்குட்டி கிதியோன் ‘பொறுமை’யால் முயல்குட்டியின் மண்டையில் ஒரு போடு போட்டான். முயல்குட்டி ‘சாந்த’த்தைச் சுருட்டி அவன் மூக்கில் குத்தியது. முன்னால் உட்கார்ந்திருந்த சபையின் பாஸ்டர், யானை ஞானசிகாமணி, காதுகளை விசிறியபடி எழுந்தார்.

“டீச்சரம்மா, அடுத்த வருஷமும் இந்தக் கூத்துன்னா பள்ளியை மூடிருவேன். குரங்குங்க பாட்டுப் பயிற்சிக்கு இடம் கேட்டு என் உசிரை வாங்குதுங்க. தூக்கிக் கொடுத்துருவேன், பாத்துக்கங்க.”

டீச்சர் வீட்டுக்குப் போய் அழுதார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, பக்கத்துக் காட்டில் ஆந்தை நடத்திய பயிற்சி முகாமுக்குக் கிளம்பினார். ஆந்தை புரொஜெக்டரைப் போட்டுவிட்டு, சமோசா வரும்வரை ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னது.

“நற்குணத்தை வாயால சொல்லிக் கொடுக்காதீங்க. விளையாட விடுங்க. அதுவா ஒட்டிக்கும்.”

டீச்சருக்குச் சட்டென்று ஒரு யோசனை உதித்தது. பாட்டு நின்றதும் எல்லாரும் ஓடிப்போய் நாற்காலியில் உட்காரும் விளையாட்டு இருக்கிறதே, அதை அப்படியே தலைகீழாகத் திருப்பினார். பாட்டு நின்றதும் இடத்தை அடுத்தவருக்கு விட்டுக்கொடுத்துவிட்டு யார் நிற்கிறாரோ அவருக்குத்தான் வெற்றி. உட்கார்ந்தவர் அவுட். பரிசு, தேனில் ஊறிய பலாச்சுளை. விளையாட்டுக்குத் ‘தாழ்மை நாற்காலி’ என்று பெயர்கூட வைத்துவிட்டார்.

முதல் ஞாயிறு, டீச்சர் அலகால் ஸ்பீக்கரின் பொத்தானை அழுத்தினார். பாட்டு நின்றது.

“நீ உக்காரு,” என்றான் கிதியோன்.

“இல்லண்ணே, நீங்க உக்காருங்க,” என்றது முயல்குட்டி.

டீச்சருக்குக் கண் நிறைந்துவிட்டது. இத்தனை வருஷம் தொண்டை வறளக் கத்தியும் நடக்காதது, ஒரு பொத்தானில் நடந்துவிட்டதே!

பலாச்சுளையின் ருசி தெரிந்த பிறகுதான் வந்தது வினை. விட்டுக்கொடுத்தால் மட்டும் போதாது, வாங்கிக்கொள்பவன் உட்காரவும் வேண்டும் என்பது குட்டிகளுக்குப் புரிந்தது. கிதியோன் முயல்குட்டியைக் காதைப் பிடித்துத் தூக்கி நாற்காலியில் அழுத்தினான். முயல்குட்டி உட்காராமல் விறைத்துக்கொண்டது. பன்றிக்குட்டி ஒன்று நாற்காலியில் கோந்து தடவி வைத்தது. முள்ளம்பன்றிக் குட்டி தொர்காளை மட்டும் எவரும் தொட முடியாததால், வாரந்தோறும் அவளே தாழ்மையில் முதலாவதாக வந்தாள்.

விளையாட்டை நிறுத்திவிடலாமா என்று டீச்சர் தவித்தார். ஆனால் ஆண்டு விழா நிகழ்ச்சி நிரலில் அது அச்சாகிவிட்டது.

விழா நாள் வந்தது. காடே கூடியிருந்தது. டீச்சர் பொத்தானை அழுத்தினார். பாட்டு நின்றதுதான் தாமதம், மேடை ரணகளமானது.

“உக்காருடா!”

“நீ உக்காருடா! உன்னைவிட நான்தான் தாழ்மை!”

நாற்காலிகள் பறந்தன. பெற்றோர் சும்மா இருப்பார்களா? “என் பிள்ளை மாதிரி தாழ்மையான பிள்ளை இந்தக் காட்டிலேயே கிடையாது!” என்று கரடியம்மா கர்ஜித்தாள். “உன் பிள்ளை தாழ்மை எங்க வீட்டு வேலி உயரத்துக்குக்கூட வராது!” என்று பன்றியம்மா எகிறினாள். காலையிலிருந்து நின்றுகொண்டே இருந்த டீச்சருக்குக் கால் இரண்டும் கழன்றுவிடும்போல் இருந்தது. போயிற்று, எல்லாம் போயிற்று.

பாஸ்டர் மேடை ஏறினார். மைக்கைப் பிடித்தார். கூட்டம் அடங்கியது.

“சபையாரே,” என்றார். குரல் தழுதழுத்தது. “போன மாசம் நம்ம கமிட்டித் தேர்தல்ல பெரியவங்க எல்லாரும் ‘நான்தான் உக்காருவேன், நான்தான் உக்காருவேன்’னு மண்டையை உடைச்சுக்கிட்டீங்க. இந்தப் பிள்ளைங்களைப் பாருங்க. ‘நீ உக்காரு, நீ உக்காரு’ன்னு மண்டையை உடைச்சுக்குதுங்க. ஒரே தலைமுறையில எவ்வளவு பெரிய மாற்றம்! இந்தப் பள்ளியை நான் மூடமாட்டேன்!”

கைதட்டல் கிளைகளை உலுக்கியது. டீச்சருக்கு உயிர் திரும்பி வந்தது. அந்த நிம்மதியில் கால் மடங்கி, பக்கத்தில் கிடந்த நாற்காலியில் பொத்தென்று விழுந்தார்.

“டீச்சர் உக்காந்துட்டாங்க!” என்று கத்தினான் கிதியோன்.

மேடை முழுவதும் திரும்பிப் பார்த்தது. அத்தனை பேரும் நிற்கிறார்கள். உட்கார்ந்திருப்பது ஒரே ஒருவர்.

“டீச்சர் அவுட்!” என்று குட்டிகள் ஒரே குரலில் கூவின. அதுவரை அந்தக் குட்டிகள் எதிலும் இப்படி ஒற்றுமையாக இருந்ததில்லை.

பாஸ்டரின் முகம் இறுகியது. “இத்தனை பிள்ளைங்க நிக்கும்போது உங்களுக்கு நாற்காலி கேக்குதோ? தாழ்மை இல்லாதவங்க கையில பிள்ளைகளை எப்படிம்மா ஒப்படைக்கிறது?”

“பாஸ்டர், கால் வலிச்சுது...” என்றார் டீச்சர்.

அதற்குள் கூட்டத்திலிருந்து நரியம்மா ஒருத்தி முன்னால் வந்து மண்ணில் விழுந்து கும்பிட்டாள். “ஐயோ, அந்த டீச்சர் வேலை எனக்கு வேண்டாம்! நான் வெறும் தூசி! எனக்கு வேண்டவே வேண்டாம்!” அவ்வளவு சத்தமாக வேறு யாரும் வேண்டாம் என்று சொல்லாததால், பள்ளி அவளுக்கே போனது.

எப்சிபா டீச்சர் மெல்ல எழுந்து நின்றார். ஆனால் பாட்டு எப்போதோ நின்றுவிட்டிருந்தது.

நீதி: பிள்ளைகளுக்கு மனத்தாழ்மையை விளையாட்டாகவே கற்றுக்கொடுத்துவிடலாம்; கற்றுக்கொடுப்பவர் மட்டும், முட்டி எவ்வளவு வலித்தாலும், விழா முடியும்வரை உட்காரக் கூடாது.