ஐம்பது சலவை கண்ட துணியில் அக்காவுக்கு எழுதியது

மதிப்பிற்குரிய அக்காவின் சமுகத்திற்கு, துணிக்குப் பூச்சுப் போடும் பிரிவின் மேற்பார்வையாளனும் உன் ஒரே தம்பியுமாகிய நான் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு எல்லோரும் சுகம். உன் முழங்கால் வலியும் மாமாவின் கோபமும் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். கடிதம் ஏன் துணியில் வந்திருக்கிறது என்று திகைக்காதே, காகிதத்துக்கு இங்கே பஞ்சமில்லை. நேற்று உன் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிய பன்னிரண்டு ஆபரேஷன் கவுன்களோடு சேர்த்துத் துவைத்த எங்கள் நானோ துணி இது. தொட்டுப் பார்த்து நீ பெருமைப்படட்டும் என்று, எனக்கு வேலை கிடைத்தபோது நீ வாங்கிக் கொடுத்த மைப்பேனாவால் இதிலேயே எழுதுகிறேன்.

"என் தம்பி செஞ்ச துணி, நான் பொறுப்பு" என்று பெரிய டாக்டரிடம் நீ தலைமை நர்ஸாக வாக்குக் கொடுத்ததையும், திங்கட்கிழமை முதல் கவுனை நீயே போட்டுக்கொண்டு ஆபரேஷன் அறைக்குள் போகப்போவதையும் மாமா சொன்னார். ஒரு கவலையும் வேண்டாம். எங்கள் பூச்சில் இருக்கும் துகள், தலைமுடியின் தடிமனை ஆயிரம் பங்கு போட்டால் அதில் ஒரு பங்கு. எனக்குத்தான் முடி இல்லையே, முதலாளிக்கு விளக்க உன் தம்பி பெண்டாட்டியின் முடி ஒன்றைச் சட்டைப்பையில் கொண்டுபோனேன். நூல் மேல இந்தத் துகள் நெருக்கமா உட்கார்ந்துட்டா தண்ணி, ரத்தம், டீ எதுவும் உள்ளே இறங்காது, முத்து முத்தா உருண்டு ஓடிடும். புதுத் துணியில முதலாளி முன்னாடி ஒரு புட்டி மையையே கவிழ்த்தேன். ஒரு சொட்டு ஒட்டணுமே! அத்தனையும் உருண்டு போய் அவரோட வெள்ளைச் சட்டையிலதான் நின்னுச்சு. மனுஷன் கோபப்படல, "இந்தச் சட்டைக்கும் பூச்சுப் போடுய்யா"ன்னார்.

பூச்சுப் போடுறது பெரிசில்லை அக்கா, துவைச்சாலும் அது நிக்கணும், அதுதான் தலைவலி. ஐம்பது சலவை கண்ட கவுன்தான் வேணும்னு உங்க டாக்டர் கேட்டுட்டார். எங்க சோதனைக்கூடத்து மெஷின் பன்னிரண்டாவது சலவையிலேயே படுத்துடுச்சு. நான் விடுவேனா? துணி எல்லாத்தையும் வீட்டு மெஷின்ல போடத் தூக்கிட்டு வந்துட்டேன். கிருமியைக் கொல்ல வெள்ளித் துகளும் பூச்சுல இருக்கு, அது கழண்டு வந்தா சாக்கடையில விடக் கூடாதுன்னு எங்க சோதனைக்கூடத்து கெமிஸ்ட் அம்மா கண்டிப்பாச் சொல்லிட்டாங்க. அதனால துவைச்ச தண்ணியை வாளி, டிரம், குளிக்கிற தொட்டின்னு பிடிச்சு வச்சு, தினமும் தொழிற்சாலை வேன்ல ஏத்தி அனுப்பினேன். ஒன்பது நாளா வீட்டுல ஒருத்தரும் ஒழுங்காக் குளிக்கல. உன் மருமக பக்கத்து வீட்டுல குளிச்சுட்டு வந்து, "அப்பா, அவங்க உங்களை ஒரு மாதிரி பாக்குறாங்க"ங்கிறா. பார்க்கட்டுமே! நான் வேலைக்குப் போனதும் மெஷினைப் பார்த்துக்கிட்டது உன் தம்பி பெண்டாட்டிதான், முகம் சுளிக்கல, பாவம். இப்ப துணியைத் தொட்டுப் பாரு. புதுசுல அட்டை மாதிரி விறைப்பா இருந்தது, துவைக்கத் துவைக்கப் பூ மாதிரி ஆயிடுச்சு! தண்ணி ஊத்திப் பார்த்துட்டு அனுப்புங்கன்னு கெமிஸ்ட் அம்மா சொன்னாங்க. பதினெட்டு வருஷமா துணி தொட்ட கை, எனக்குத் தெரியாதா? ரிப்போர்ட்ல கையெழுத்தே போட்டுட்டேன்.

மாமாவுக்கு என் வணக்கம். திங்கட்கிழமை நீ தலை நிமிர்ந்து நடக்கணும், அதை நினைச்சாலே எனக்குக் கண்ணு நிறையுது.

உன் பாசத்துக்குரிய தம்பி

பி.கு.: மடிக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை படிச்சேன். எழுத்து எவ்வளவு அழகா நிக்குதுன்னு நானே மெச்சிக்கிட்டேன். அப்புறம்தான் உறைச்சுது. ஐயோ அக்கா, இதுல மை நிக்கவே கூடாதே! மூலையில தண்ணி ஊத்தினேன், மடமடன்னு குடிச்சுடுச்சு. அந்தக் கறைதான் கீழே தெரியுது. உன் தம்பி பெண்டாட்டியைக் கேட்டா, "அட்டை மாதிரி இருந்துச்சுங்க, அண்ணி போட்டுக்கிறதாச்சே, உடம்பு உறுத்துமேன்னு ஒவ்வொரு தடவையும் ஒரு மூடி சாஃப்ட்னர் ஊத்தினேன்"ங்கிறா. அது பூச்சு மேல படலமாப் படிஞ்சு, தண்ணியை வா வான்னு உள்ளே கூப்பிடுமாம். ரிப்போர்ட்டைக் கிழிச்சுட்டேன். உன் போன் அடிச்சுக்கிட்டே இருக்கு, எடுக்க மாட்டேங்கிற. டிரைவர் கையிலேயே இதைக் கொடுத்தனுப்புறேன். பார்சலைப் பிரிக்காதே. பிரிச்சிருந்தா போட்டுக்காதே. போட்டிருந்தா, உனக்குப் புண்ணியமாப் போகும் அக்கா, முதல்ல கழற்று.