நாலு கோடும் ஒரு பூச்சும்

நோயைக் கண்டறியும் கலையில் மனிதகுலம் எட்டிய உச்சம் எது என்று யாராவது கேட்டால், போடிநாயக்கனூரில் இருக்கும் எங்கள் வீட்டுத் தகர ஷெட்டைத் தயங்காமல் கைகாட்டுவேன். அங்கேதான் ஏலக்காய் வியாபாரியான என் கணவர் பாண்டியராஜன், எங்களுடைய பழைய எட்டு சீட்டு வேனின் இன்ஜினை மாதக்கணக்கில் 'ஆய்வு' செய்தார். அத்தனை மாதமும் வண்டி மலை ஏறவில்லை. ஆய்வு மட்டும் ஏறிக்கொண்டே போனது.

வண்டி மலை ஏறியாக வேண்டியது என் நாத்தனார் தேவிக்காக. பூப்பாறையில் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர் வைத்திருக்கும் ராஜ்கமலை அவளுக்குப் பிடித்திருந்தது. அவனுக்கும் அவளைப் பிடித்திருந்தது. எங்கள் பக்கத்து வழக்கப்படி, பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்க் கை நனைக்க வேண்டும். அங்கே உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிட்டு எழுந்தால் சம்பந்தம் உறுதி. இதற்கு என் கணவர் சம்மதம் சொல்லிவிட்டார். எவ்வளவு பெரிய மனது! ராஜ்கமலின் அப்பா சின்ராசு ஒரு காலத்தில் எங்கள் கடையில் மூட்டை தூக்கியவர் என்பதை, சாப்பாட்டு நேரம் தவிர மற்ற நேரங்களில் அவர் அநேகமாகச் சொல்லிக்காட்டுவதே இல்லை. ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தார். சொந்த வண்டியில்தான் போக வேண்டும்.

"வாடகை ஜீப்புல போயி இறங்குனா நாலு பேரு என்ன சொல்வாங்க?"

அந்த நாலு பேர் யார் என்று கல்யாணமான நாளிலிருந்து நான் தேடிக்கொண்டிருக்கிறேன். அவர்களைக் கேட்காமல் எங்கள் வீட்டில் ஒரு ஜன்னல் திரைகூட மாட்டியதில்லை.

ஆயுத பூசைக்கு வண்டியைக் கழுவிச் சந்தனம் வைத்தால் போதும் என்பது சாதாரண மனிதர்களின் எண்ணம். என் கணவர் பானட்டைத் திறந்து, உள்ளே கண்ணில் பட்ட இரும்பு முழுவதற்கும் சில்வர் பெயிண்ட் அடித்தார். குறுக்கே வந்த வயர்களைக் கழற்றினார். அடித்து முடித்ததும் அவற்றைப் பெயிண்டின் மேலேயே வைத்து முடுக்கினார். இன்ஜின் மாப்பிள்ளை அழைப்புக்குக் கிளம்பியது போல மின்னியது.

மறுநாள் டேஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. கண்ணேறு என்று பூசணிக்காய் உடைத்தார். விளக்கு அணையவில்லை. என் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை எடுத்து அதன்மேல் ஒட்டினார். 'அணைந்தது'.

பொட்டு வைத்த அந்த வண்டியில்தான் தாம்பாளமும் பட்டுச்சேலையுமாக முதல் தடவை கிளம்பினோம். மலையடிவாரத்து முந்தலைத் தாண்டி முதல் வளைவிலேயே வண்டி இருமியது, கறுப்பாகப் புகைந்தது, நின்றது. அப்படியே திருப்பிக்கொண்டு இறங்கினோம். இறக்கத்தில் எங்கள் வண்டிக்கு ஒரு குறையும் கிடையாது.

அதன் பிறகு விஞ்ஞானம் வீட்டுக்குள் வந்தது. தீப்பெட்டி அளவில் ஒரு ஸ்கேனர். ஸ்டியரிங்குக்குக் கீழே செருகினால், இன்ஜினின் ஒவ்வொரு குறையும் ஒரு 'கோடு' நம்பராகச் செல்போனில் வந்து நிற்கும். ஞாயிறுதோறும் ஷெட்டில் 'ஆய்வுக் கூட்டம்' நடந்தது. தலைவர் அவர். செயலாளர் நான். அதாவது, கண்ணாடி போட்டால் வயதாகிவிட்டதாக நாலு பேர் நினைப்பார்கள் என்பதால், வாசித்துச் சொல்பவள்.

நாலு கோடு வந்தது. வெளிக்காற்றை அளக்கும் சென்சார், போடியில் மைனஸ் நாற்பது டிகிரி குளிர் என்றது. ரேடியேட்டர் தண்ணீரை அளக்கும் சென்சார், ஆமாம் ஆமாம், இங்கேயும் அதே குளிர்தான் என்றது. ஆக்சிலரேட்டர் சென்சார், யாரோ முழுசாக மிதித்துக்கொண்டிருப்பதாகப் புகார் செய்தது. வண்டியில் யாரும் இல்லை. புகையை மோந்து பார்க்கும் சென்சார் நிமிடத்துக்கு ஒரு சேதி சொன்னது.

"நாலும் பொய் சொல்லுது" என்று தலைவர் தீர்ப்பளித்தார்.

நாலையும் கழற்றி எறிந்துவிட்டு, மதுரையிலிருந்து புதியவை வரவழைத்து மாட்டினார். ஏறி உட்கார்ந்த உடனேயே புதியவையும் அதே பொய்யைச் சொல்லின. "இப்ப வர்ற சாமானுக்கே நேர்மை இல்ல" என்று கருத்துரைத்தார். இரண்டாவது தடவை கிளம்பியபோது இரண்டாவது வளைவுவரை போனோம். கூட்டக் குறிப்பில் இதை 'முன்னேற்றம்' என்று பதியச் சொன்னார்.

இதே நிர்வாகத் திறமை வீட்டுக்குள்ளும் ஒளிவீசியது. என் மாமியார் சுருளியம்மாள், ஜீப்பு பிடித்தாவது போய்வந்துவிடலாம் என்றார். அவருக்கு வயதுக் கோளாறு. கொழுந்தன் காமராஜ், அண்ணனுக்கு மனசு வந்தால் வண்டியும் வரும் என்றான். அவனுக்குச் சகவாசக் கோளாறு. நானும் அதையே சொன்னேன். எனக்கு நாவல் படித்துப் புத்தி கெட்டுவிட்டது. தேவி ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் இருந்தாள். அது பித்தக் கோளாறு என்று சுக்குக் கஷாயம் வாங்கிக் கொடுத்தார்.

தை பிறந்ததும் மலைமேலிருந்து ராஜ்கமலின் அம்மா முத்துப்பேச்சி தேவிக்குப் போன் போட்டார். நான் பக்கத்தில் இருந்தேன். அவர் கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"ரெண்டு தடவ ஆக்கி வச்ச கறி ஆறிப்போச்சு தாயி. வர்ற ஞாயித்துக்கிழமையும் வரலைன்னா, ஒங்க வீட்டுல மனசு இல்லன்னு நெனச்சுக்கிர்றோம். எம் மகனுக்கு வேற எடம் பாக்கணும்ல."

தேவி அழுவாள் என்று நினைத்தேன். போனை வைத்துவிட்டு நேராக ஷெட்டுக்கு நடந்தாள். சனிக்கிழமை மதியம். அவள் அண்ணன் ஏலத்துக்குப் போயிருந்தார். நானும் காமராஜும் பின்னாலேயே போனோம்.

"மதினி, நாலு பேரு சேந்து ஒரே நேரத்துல பொய் சொல்வாங்களா?"

"ஒங்க அண்ணன் அப்படித்தான் சொல்றாரு."

"நாலுக்கும் பொதுவா ஏதாச்சும் இருக்கும்ல. அதப் பாப்போம்."

நாலு சென்சாரின் வயர்களையும் விரலால் தடவிக்கொண்டே போனோம். எல்லாம் ஒரே கட்டாகச் சேர்ந்து, அதிலிருந்து ஒரு கறுப்பு வயர் பிரிந்து, வண்டியின் உடம்போடு ஒரு போல்ட்டில் முடிந்தது. அந்த இடத்தில்தான் சில்வர் பெயிண்ட் மற்ற எல்லா இடத்தையும்விடக் கெட்டியாக மின்னியது.

காமராஜ் சிரித்துவிட்டான். "எர்த்து வயரு மதினி. இரும்பு இரும்பத் தொட்டாத்தான் கரண்டு ஓடும். இது பெயிண்டத் தொட்டுக்கிட்டுச் சும்மா நிக்கிது."

பேட்டரியைக் கழற்றிவிட்டு அவன் போல்ட்டை எடுத்தான். அவன் கையிலிருந்த உப்புத்தாளைத் தேவி வாங்கிக்கொண்டாள். அண்ணன் பூசியதை அவள் தேய்த்த தேய்ப்பில் வண்டியே ஆடியது. அடியில் பழைய இரும்பு வெளிவந்தது. அழகாக இல்லை, ஆனால் இரும்பு. வயரை வைத்து முடுக்கி, பேட்டரியை மாட்டி, ஸ்டார்ட் செய்தோம். பொட்டைப் பிய்த்துப் பார்த்தேன். விளக்கு நிஜமாகவே அணைந்திருந்தது. ஸ்கேனரில் ஒரு கோடும் இல்லை. போடிக்கு அதன் வெயில் திரும்பக் கிடைத்துவிட்டது.

ஞாயிறு காலை, வழக்கமான ஆய்வுக் கூட்டத்துக்குத் தலைமை தாங்க என் கணவர் ஷெட்டுக்கு வந்தார். வண்டி வாசலில் உறுமிக்கொண்டிருந்தது. ஸ்டியரிங்கில் காமராஜ், முன் சீட்டில் மாமியார், பின்னால் தாம்பாளத்தோடு நானும் தேவியும். நடந்ததைச் சொன்னேன். அவர் நம்பாமல் பானட்டைத் திறந்து பார்த்தார். வண்டி சரியானது கண்ணில் படவில்லை. சுரண்டிய இடம் பட்டது.

"பெயிண்ட இப்படிச் சொரண்டி வச்சிருக்கீகளே. பாத்தா நாலு பேரு என்ன சொல்வாங்க?"

தேவி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள்.

"நாலு பேரும் ஏறி ஒக்காந்தாச்சுண்ணே. இத்தன நாளாச் சொல்லிக்கிட்டுத்தான் இருந்தோம். வெரசா ஏறுங்க, கறி ஆறிரும்."

அவர் பானட்டை மூடினார். பிறகு பழக்கூடையை ஒதுக்கிக் கடைசி சீட்டில் ஏறிக்கொண்டார். முந்தல், முதல் வளைவு, இரண்டாவது வளைவு, எதிலும் வண்டி இருமவில்லை. புலியூத்து அருவி தெரிந்தபோது, பின்னாலிருந்து மெதுவாக ஒரு குரல் கேட்டது: "என்ன இருந்தாலும் நம்ம கடையில மூட்டை தூக்குன ஆளு..."

ஆய்வின் முடிவைச் செயலாளர் என்ற முறையில் இங்கே பதிகிறேன். சென்சார்கள் நான்கும் நல்ல நிலையில் இருந்தன; அவை கால் பாவ இடமில்லாமல் செய்தது மேலே பூசிய பூச்சு. வண்டியில் அதற்குப் பெயர் சில்வர் பெயிண்ட். எங்கள் வீட்டில் 'கௌரவம்'.

நல்லவேளை, உப்புத்தாள் பாதி மிச்சமிருந்தது. என் கைப்பையில்தான் இருக்கிறது.