இந்திய அழகிக்கு எண்ணெய் வைத்த கதை

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. வேண்டாம் என்கிறவர்கள் தலையிலும் எண்ணெய் வைத்துவிடுவேன். குற்றாலத்தில் லாட்ஜ் லாட்ஜாகப் போய்ப் பொம்பளையாட்களுக்கு எண்ணெய் தேய்ப்பது என் வேலை. அந்த வேலையை ஒரே காலையில் கெடுத்துக்கொண்டேன். (படிப்பு அஞ்சாங்கிளாஸ். கையில் மட்டும் திமிர் அதிகம்.)

நாலு வருஷம் இருக்கும். சாரல் நேரம். லாட்ஜ் மேனேஜர் போன் போட்டார்.

"இசக்கி, மாடியில இந்திய அழகி வந்திருக்கா. பட்டம் வாங்கினவ. தென்காசியில கூந்தல் எண்ணெய்க் கடை திறக்கப் போறா. கால் வலிக்குதாம். காலை மட்டும் தேய்ச்சு விடு. வாயத் தொறக்காத."

"நான் என்னைக்கு அண்ணாச்சி வாயத் தொறந்தேன்?"

"அதுவும் சரிதான்."

அறையில் ஆளுயர அட்டை ஒன்று நின்றது. அட்டையில் அவள் படம். முடி முழங்கால் வரை. கையில் எண்ணெய்ப் புட்டி. கட்டிலில் நிஜ ஆள் உட்கார்ந்திருந்தாள். முடி இடுப்பு வரை. (அப்போதே சுதாரித்திருக்க வேண்டும்.)

இந்திக்காரி என்று நினைத்து, காலை நீட்டும்படி சைகை காட்டினேன்.

"யக்கா, தமிழ் தெரியும். எங்கம்மாவுக்கு ஆலங்குளம். நான் பொறந்து வளர்ந்ததுதான் பம்பாய்" என்றாள்.

நீட்டினாள். குதிகால் முழுக்கக் காய்ப்பு. வெறுங்காலோடு நடக்கிற என் கால் தேவலை.

"பட்டம் வாங்கின காலா இது, பிள்ள?"

"ஜெயிச்ச வருஷம் போற ஊரெல்லாம் மாலைக்கா. மறுவருஷம் வேற ஒருத்தி ஜெயிச்சா. மாலையெல்லாம் அவளுக்குப் போயிட்டு. சினிமாவுக்குக் கூப்பிட்டாங்க, படம் பாதியில நின்னுட்டு. அப்புறம் நகைக்கடை, சேலைக்கடை, செல்போன் கடைன்னு ரிப்பன் வெட்டுனேன். இப்ப எண்ணெய். பத்து மணிக்குக் கடை திறந்ததும் மூணு வருஷ விளம்பரத்துக்கு ஒப்பந்தக் கையெழுத்து. இதுவும் போச்சுன்னா வீட்டுல உட்கார வேண்டியதுதான்."

"அந்த எண்ணெய நீ தேய்ப்பியா?"

"தொட்டதே இல்ல" என்று சிரித்தாள். "தலையில மட்டும் கை வச்சிராதீங்கக்கா."

காலைத் தேய்க்கத் தேய்க்க அப்படியே சாய்ந்து தூங்கிவிட்டாள்.

நான் பேசாமல் எழுந்து வந்திருக்கலாம். உச்சியில் எண்ணெய் வைக்காமல் ஓர் ஆளை அனுப்பியதே இல்லை என்று எனக்கு ஒரு பெருமை. பாவம், சூடு தணியட்டும் என்று வேறு நினைத்தேன். மேஜையில் கம்பெனி எண்ணெய் இருந்தது. (அதையே வைத்தால் மரியாதை என்று புத்தி சொன்னது.) வெந்நீரில் வைத்துச் சூடாக்கினேன். ஒரு கை நிறைய எடுத்து உச்சியில் வைத்து அரக்கித் தேய்த்தேன்.

கொஞ்ச நேரத்தில் ஒரு கொத்து முடி கையோடு வந்தது. தலைத்தோல்தான் உரிந்துவிட்டது என்று ரத்தம் தேடினேன். ரத்தம் இல்லை. எடுத்த இடத்திலேயே வைத்து அமுக்கினேன். பக்கத்துக் கொத்தும் வந்தது.

அவள் விழித்துக்கொண்டாள். என் கையைப் பார்த்தாள். கத்தவில்லை.

"மணி என்னக்கா?"

"ஒம்பதே கால்."

"ஒட்டு முடிக்கா. எண்ணெய் பட்டா பசை இளகிரும். அதுக்குத்தான் சொன்னேன்."

"கொண்டை போட்டு மறைச்சிருவமா?"

"கூந்தல் எண்ணெய்க் கடையில கொண்டையோட யாருக்கா நிப்பா?"

அதற்குள் மேனேஜரும் எண்ணெய்க் கம்பெனி முதலாளியும் கதவைத் தட்டி உள்ளே வந்துவிட்டார்கள். கட்டில் விரிப்பில் கொத்துக் கொத்தாய் முடி. முதலாளிக்கு முகம் வெளுத்துவிட்டது.

"நம்ம எண்ணெயா வச்சாங்க?"

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

"இல்ல சார். இவங்க கொண்டுவந்தது."

புட்டி என் முழங்கால் பக்கத்தில்தான் இருந்தது. முதலாளியும் பார்த்தார். குனிந்து எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"இசக்கி, கீழ எறங்கு. இனி இந்தப் படி ஏறாத" என்றார் மேனேஜர்.

நான் வாயைத் திறக்கவில்லை. வேண்டாம் என்று சொல்லியும் வைத்தது நான்தானே.

அந்தப் பொய் அவளுக்கும் உதவவில்லை. அட்டையை வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய், அதற்கு மாலை போட்டுக் கடையைத் திறந்தார்களாம். (செத்தவர் படம் மாதிரி இருந்தது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.) கையெழுத்து நடக்கவில்லை. அடுத்த மாதம் தென்காசியில் அந்தக் கடை வழியாக வந்தேன். அட்டையில் வேறு முகம். முடி மட்டும் அதே முடி.

நான் கை வைத்தால் முடி கொட்டும் என்று எல்லா லாட்ஜுக்கும் செய்தி போயிற்று. இப்போது ஒரு மெஸ்ஸில் பாத்திரம் கழுவுகிறேன்.

போன வருஷம் மகளுக்குத் தலைதீபாவளி. மாப்பிள்ளைக்கு மாமியார் எண்ணெய் வைக்க வேண்டும். மனையில் உட்கார்ந்தார். அவருக்கு முன்தலை வழுக்கை.

"ஏங்க, எந்திரிச்சு ஓடிருங்க. இந்தியாவுக்கே மொட்டை போட்டவ எங்கம்மா" என்றாள் மகள்.

"இனி கொட்டுததுக்கு என்ன இருக்கு? வைங்கத்தை" என்றார் மாப்பிள்ளை.

வீடே சிரித்தது. இப்போது எந்த விசேஷத்திலும் இதைச் சொல்லாமல் அவர்களுக்குச் சோறு இறங்குவதில்லை. நானும் சேர்ந்து சிரிக்கிறேன்.

ஆனால் அந்தத் தலைதீபாவளி அன்றைக்கு, கை நிறைய எடுத்த எண்ணெயைத் திரும்பக் கிண்ணத்திலேயே ஊற்றிவிட்டேன். விரல் நுனியால் மாப்பிள்ளை உச்சியில் ஒரு சொட்டு வைத்துவிட்டு எழுந்துகொண்டேன்.