பற்றரி ஏறினவுடனே போய்விடுவேன்

புதிதாக ஒன்று கையில் கிடைத்தவன் பழையதைத் திட்டாமல் இருக்கமாட்டான். எனக்கு அந்த நோய் பிடித்தது பெற்றோல் இல்லாத காலத்தில்.

என்னைப் பள்ளிக்கூடத்தை இடையில் விட்டவன் என்று சொல்வார்கள். அது பிழை. சண்டைக்குள் பள்ளிக்கூடம் ஒரு பக்கம் இடம்பெயர்ந்தது, நான் வேறு பக்கம் இடம்பெயர்ந்தேன். பிறகு நாங்கள் இருவரும் சந்திக்கவே இல்லை. விசுவமடுவில் தோட்டம் கொத்தினேன், வவுனியாவில் அரிசி மூட்டை தூக்கினேன், மாங்குளத்தில் பெற்றோல் மெசினால் மரம் அரிந்தேன். ஓரிடத்தில் பாய் சூடாவதற்குள் அடுத்த இடத்துக்குப் போய்விடுவேன்.

சண்டை முடிந்து பல வருடம் கழித்து, நாடு முழுக்கப் பெற்றோல் தட்டுப்பாடு வந்து, வரிசையில் நான் காய்ந்துகொண்டிருந்தபோது லண்டன் மச்சான் ஒரு பெட்டி அனுப்பினான். உள்ளே பற்றரியில் மரம் அரியும் மெசின் ஒன்று, சருகு ஊதித் தள்ளும் மெசின் ஒன்று. இரண்டுக்கும் ஒரே பற்றரி. (மற்றப் பற்றரியைப் பிறகு அனுப்புகிறேன் என்றவனுக்கு இன்னும் அந்தப் பிறகு வரவில்லை.) அன்றிலிருந்து, புதிதாகச் சபை மாறினவன் மாதிரி, போகுமிடமெல்லாம் பிரசங்கம். "புகையில்லை, சத்தமில்லை, வரிசையில்லை."

அதை நம்பிய ஒரே மனிதர் முல்லைத்தீவுக் கரையிலிருந்த செபமாலை அண்ணை. கடல் தொழில் செய்பவர். அவருடைய வீட்டு வளவில் பட்டுப்போன வேம்பு ஒன்று நின்றது. அதற்குப் பக்கத்தில், மண்ணெண்ணெய் கிடைக்காமல் வாரக்கணக்காகக் கவிழ்ந்து கிடந்தது அவருடைய ஒரே வள்ளம். ஒருவழியாக எண்ணெய் கிடைத்து, மறுநாள் விடியக் கடலுக்குப் போக இருந்தார். அந்த நேரம் பார்த்து வேம்பின் கொப்பொன்று முறிந்து, வள்ளத்துக்கு ஒரு சாண் தள்ளி விழுந்துவிட்டது. மரம் இன்றைக்கே விழவேண்டும் என்றார்.

"வள்ளத்தை இழுத்து வைப்பமோ தம்பி? ஆக்களைக் கூப்பிடுறன்."

"தேவையில்லை அண்ணை. ஒழுங்கைப் பக்கமா விழுத்துறன். இது சொன்ன இடத்திலை விழுத்தும்."

சைக்கிளை ஒழுங்கை என்ற அந்தச் சந்துப் பாதையின் வேலியோடு சாத்திவிட்டு வேலையைத் தொடங்கினேன். நேராக மரத்துக்குப் போயிருக்கலாம். ஆனால் அண்ணையின் தங்கச்சி றோசலின், நெத்தலி காயவைத்துக்கொண்டே என்னைப் பார்த்தா. அது போதாதா? மரத்தடிச் சருகை முதலில் ஊதிக் காட்டுகிறேன் என்று மற்ற மெசினை எடுத்தேன். சருகு போனது. மணல் போனது. ஒரு பாய் நெத்தலியும் வேலி தாண்டிப் போனது.

றோசலின் கோபப்படவில்லை. "நீந்துற நெத்தலி கண்டிருக்கிறன். பறக்கிறதை இண்டைக்குத்தான் காணுறன்" என்று மட்டும் சொன்னா.

அவமானம் மறைய இன்னும் கொஞ்சம் ஊதினேன். (இளம் வயதில் ஆண்களுக்கு மூளை வேலை செய்யும் விதம் அப்படி.) பிறகு அதே பற்றரியைக் கழற்றி மரம் அரியும் மெசினில் பூட்டி, மரம் விழவேண்டிய ஒழுங்கைப் பக்கம் ஆப்பு மாதிரி ஒரு வாய் வெட்டிவிட்டு, வள்ளத்துப் பக்கமிருந்து அரியத் தொடங்கினேன்.

"சத்தத்தைக் காணேல்லை. வெட்டுதோ?" என்று கேட்டா.

"அதுதான் இதின்ரை சிறப்பு" என்றேன். சொல்லி முடிய, இருந்த கொஞ்சச் சத்தமும் நின்றது. மரம் மெல்ல முனகி, மெசினின் மேல் குந்தி, வள்ளத்துப் பக்கம் சரிந்து நின்றது.

ஊதினதிலேயே பற்றரி முடிந்திருந்தது. கோடாலியால் கொத்தினால் அந்த அதிர்ச்சியிலேயே வள்ளத்தின் மேல் விழும். வள்ளத்தை இழுக்க மரத்தின் கீழ் போக ஒருவருக்கும் துணிவில்லை. பெற்றோல் மெசின் வைத்திருந்தவர்களிடம் பெற்றோல் இல்லை. வீட்டில் கரண்ட் வெட்டு. பட்டணத்தில் அண்ணையின் சித்தி வீட்டில் மட்டும் அந்த நேரம் கரண்ட் இருக்குமாம்.

மரத்தில் கயிறு போட்டு, ஒழுங்கைப் பக்கப் பனையில் இழுத்துக் கட்டினோம். நான் பற்றரியைக் கழற்றிக்கொண்டு சைக்கிளை நோக்கி நடந்தேன்.

"எங்கை போறீர்?" என்றார் அண்ணை.

"சார்ஜ் போட்டுக்கொண்டு உடனை வாறன் அண்ணை."

"உம்மை விட்டா நீர் வரமாட்டீர். றோசலின் தன்ரை சைக்கிளிலை போகட்டும். நீர் இந்தக் கயிறைப் பிடிச்சுக்கொண்டு இரும்."

கயிறு பனையில் கட்டித்தான் இருந்தது. அதைப் பிடிப்பதால் மரத்துக்கு ஒரு பயனும் இல்லை. ஆனால் மனிதர் சொன்னதில் பிழையும் இல்லை. உண்மையில் நான் மாங்குளத்துக்கு எந்தப் பாதையால் போகலாம் என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன். கயிற்றைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். எதிரே கதிரையைப் போட்டு அண்ணையும் இருந்தார். அவர் என்னைப் பார்க்கவில்லை, வள்ளத்தையே பார்த்தார். ஏசியிருந்தால் சுகமாக இருந்திருக்கும். ஒழுங்கையால் போன கிழவரொருவர் நின்று கேட்டார்: "செபமாலை, உந்தப் பெடியனை ஏன் கட்டி வைச்சிருக்கிறாய்?"

"அவரைக் கட்டேல்லை. அவர்தான் மரத்தைக் கட்டி வைச்சிருக்கிறார்."

பொழுது சாய, றோசலின் பற்றரியைத் துவாயால் சுற்றி, குழந்தைப்பிள்ளையைக் கொண்டுவருவதுபோலக் கொண்டு வந்து தந்தா. "பச்சை லைற் வந்திட்டுது. இந்தமுறை சருகு கூட்டப் போகாதேங்கோ."

அயலவர்கள் சேர்ந்து கயிற்றை இழுக்க, மெசினைக் கவ்வியிருந்த வெட்டு விரிந்தது. அரிந்தேன். வேம்பு நான் சொன்ன அதே இடத்தில் விழுந்தது. வள்ளத்தில் ஒரு கீறல்கூட இல்லை. அண்ணை சிலுவை போட்டுக்கொண்டார்.

நானும் நெஞ்சை நிமிர்த்தினேன். அப்போதுதான் றோசலின் கேட்டா, "அந்த மரத்துக்குக் கீழை தெரியிறது உங்கடை சைக்கிளோ?"

பெற்றோல் இல்லை, பஸ் இல்லை, சைக்கிள் சப்பாத்தி மாதிரிக் கிடந்தது. விடியப்புறம் அண்ணைக்குக் கடலுக்கு ஓராள் குறைந்தது, என்னை ஏற்றிக்கொண்டு போனார். அதற்கு அடுத்த நாளும் ஓராள் குறைந்தது. பிறகு றோசலினைக் கேட்டேன். "யோசிச்சுச் சொல்லுறன்" என்று என்னை அடுத்த பெருநாள் வரைக்கும் காக்கவைத்து, ஓம் என்றா.

இப்போதும் வீட்டுக்கு வருகிற புது ஆட்கள், "மாப்பிள்ளைக்கு எந்த ஊர்?" என்று கேட்டால் செபமாலை அண்ணை முந்திக்கொள்வார்.

"இவர் இந்த ஊரில்லை. பற்றரி சார்ஜ் போட வந்தவர். ஏறினவுடனை போயிடுவார்."

நான் மறுப்பதில்லை. றோசலின் சமைக்கிற குசினிப் பக்கம் திரும்பி, "பச்சை லைற் வந்திட்டுதோ?" என்று கேட்பேன்.

"இன்னும் இல்லை" என்று பதில் வரும். "இருங்கோ."