முதல் நாள் நிலையில் ஒரு தியேட்டர்

எங்கள் நகரத்தின் பழம்பெரும் நாடகத் தியேட்டருக்கு வயது தொண்ணூற்றெட்டு. அதுதான் சிக்கல். நூறு ஆகியிருந்தால் 'பாரம்பரியச் சின்னம்' என்று சான்றிதழ் கிடைக்கும். யாரும் கை வைக்க முடியாது. ஆகவில்லை. இடித்துவிட்டு வண்டி நிறுத்துமிடம் அமைக்க நகராட்சி திருவுளம் கொண்டிருந்தது.

தியேட்டர் மேனேஜர் என் சித்தப்பா. மூன்று நாள் பரணில் தும்மித் தும்மித் தேடி, ஒரு பழைய நோட்டீஸோடு பாரம்பரியத் துறை அதிகாரியிடம் ஓடினார்.

"சார், கட்டடம் எழும்புறதுக்கு மூணு வருஷம் முன்னாடியே அதே இடத்துல நாடகம் போட்டிருக்காங்க. அப்போ வயசு நூத்தியொண்ணு!"

"பிரமாதம்! அங்கீகரிக்கிறோம்." முத்திரை விழுந்தது. சித்தப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஆனா விதி ஏழு இருக்கே" என்று தொடர்ந்தார் அதிகாரி. "சின்னம் முதல் நாள் எப்படி இருந்ததோ, அப்படியே பாதுகாக்கணும். கூரை எப்ப வந்தது?"

"மூணு வருஷம் கழிச்சு..."

"அது பிற்சேர்க்கை. அகற்றணும்."

"சுவரு சார்?"

"கூரையே இல்லை, அதைத் தாங்கச் சுவரா?"

"மேடையாவது..."

"நோட்டீஸை நீங்களே படிங்க."

சித்தப்பா படித்தார். குரல் படிப்படியாக இறங்கியது. "சமதரையில் நடிக்கப்படும். கனவான்கள் தத்தம் வண்டிகளை நிறுத்தி, அவற்றிலமர்ந்தே கண்டு களிக்கலாம்."

"வண்டியா?" அதிகாரி முகம் மலர்ந்தது. "அதுவும் பாரம்பரியம்தான்!"

நகராட்சி ஆட்சேபிக்கவில்லை.

முதல் வாரம் கூரையைப் பாதுகாத்தார்கள். மறு வாரம் சுவர்களைப் பாதுகாத்தார்கள். எண்ணூறு நாற்காலிகளை லாரியில் ஏற்றிப் பாதுகாத்தார்கள்.

பத்து வருஷமாக அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காத ஊரே திறப்பு விழாவுக்குத் திரண்டது. வெறுந்தரையில் ஒரு பித்தளைத் தகடு. ஆளாளுக்கு அதோடு செல்ஃபி. "என்னமா கட்டியிருக்காங்க!" என்று உருகினார் எங்கள் பல் டாக்டர், எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல்.

சித்தப்பாவின் வேலை போகவில்லை. கழுத்தில் ஒரு விசில் மட்டும் கூடுதலாக ஏறியது. "பின்னால வா, இன்னும் வா, லெஃப்ட்ல ஒடி... போதும்!" ஒரு மணி நேரத்தில் இடம் நிரம்பிவிட்டது. பழைய பலகை ஒன்றைத் தூசி தட்டி வாசலில் மாட்டினார்: 'அரங்கு நிறைந்தது.'

வெளியே ஒரு கார் விடாமல் ஹார்ன் அடித்தது. என் அப்பா.

"டேய் தம்பி, கூடப்பிறந்தவனுக்கு ஒரு இடம் ஒதுக்கி வைக்க மாட்டியா?"

"நாடகம் நடந்தப்ப முதல் வரிசையில ஒதுக்கி வச்சேனே அண்ணே, நீ வரவே இல்லையே" என்றார் சித்தப்பா.

அப்புறம் விசிலை ஊதினார்.