புளி போட்டுத் துலக்கிய துப்பாக்கி

ஒரு பொருள் கறுப்பாக இருந்தால், அது அழுக்கா, இல்லை அதன் நிறமே அதுதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? நான் வேதியியல் படித்தவள். இன்றுவரை எனக்கு விடை தெரியவில்லை.

மல்லாங்கிணறு பக்கம் விவசாயம் பார்க்கும் என் மாமனாரிடம் லைசென்ஸோடு ஒரு இரட்டைக்குழல் துப்பாக்கி உண்டு. காட்டுப்பன்றியை விரட்ட வாங்கியது. (பன்றிகளுக்கு இந்த விஷயம் தெரியாது.) அது உருப்படியாகச் சுடுவது வருஷத்துக்கு ஒரு முறை, ரைபிள் கிளப் போட்டியில் பறக்கவிடும் களிமண் தட்டுகளைத்தான். அங்கே அவருக்கு எதிராளி, திருத்தங்கலில் பட்டாசுக் கம்பெனி நடத்தும் என் அப்பா. போன போட்டியில் அப்பா ஜெயித்துவிட்டார். அன்றிலிருந்து என் சாம்பாரில் உப்பு சரியாக இருந்ததே இல்லை. இந்த முறை மாமா ஜெயித்தால்தான் எனக்கு நிம்மதி.

தேர்தலுக்காகப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்திருந்த துப்பாக்கி, போட்டிக்கு முந்தின நாள்தான் வீடு வந்தது. குழலுக்குள் ஒரே கறை.

"உள்ள ஈயம் படிஞ்சிருந்தா குண்டு சிதறிப் போகும் மாமா. உள்பக்கம் வழவழன்னு இருந்தாத்தான் நல்லா அடிக்கும். நான் சுத்தம் பண்ணித் தாரேன்" என்றேன். கைக்குழந்தையோடு ராத்திரியெல்லாம் விழித்திருந்து பார்த்த வீடியோக்களில் துப்பாக்கி துடைப்பதும் ஒன்று.

மாமா தோட்டா இல்லை என்று ரெண்டு தடவை பார்த்து, குழலை மட்டும் கழற்றிக் கொடுத்தார். "பாத்துப் பண்ணு தாயி. உங்க அப்பாருக்கு வேண்டி எதுவும் செஞ்சிராத."

கம்பியில் பிரஷ் மாட்டித் தேய்த்தேன். எண்ணெய்த் துணி விட்டு இழுத்தேன். துணி வெள்ளையாக வெளியே வரும்வரை விடவில்லை. குழலைத் தூக்கி ஜன்னல் பக்கம் பார்த்தால், உள்ளே கண்ணாடி மாதிரி இருந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தாள். நானும் தூங்கியிருக்கலாம்.

ஆனால் வெளிப்பக்கம் முழுக்கக் கறுப்பு. 'உள்ளே மட்டும் துடைத்துவிட்டு வெளியே விட்டுவிட்டாளே' என்று சொல்லிவிட்டால்? அன்று வெள்ளிக்கிழமை. விளக்குத் துலக்கக் கரைத்த புளி அடுக்களையில் மிச்சம் இருந்தது.

தேய்க்கத் தேய்க்க எவர்சில்வர் டம்ளர் மாதிரி வந்தது. எனக்கே பெருமையாக இருந்தது. கழுவித் துடைத்து வைத்தேன். காலையில் பார்த்தால் பழைய கேட்டுக் கதவு மாதிரி செம்பழுப்பாகத் துரு. மாமா எழுவதற்குள் சாம்பல் போட்டு மறுபடி தேய்த்தேன். (புளியில் அமிலம் இருக்கிறது என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவள்தான் நான்.)

மாமா குழலை வாசல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் அத்தையைக் கூப்பிட்டார்.

"ஏத்தா, இங்கன வா. கறுப்பு எங்க போச்சுன்னு கேளு."

"அழுக்குன்னு நெனச்சேன் மாமா."

"துருப்பிடிக்காம இருக்கப் போட்ட கறுப்பும்மா அது!"

வேறு துப்பாக்கி இல்லை. அதையே மாட்டிக்கொண்டு போனார். கிளப்பில் அவர் அதை எடுத்ததும் அப்பா அருகில் வந்து தொட்டுப் பார்த்தார். "என்ன சம்மந்தி, எங்க கம்பெனி ராக்கெட்டுக்குச் சுத்துற வெள்ளித்தாளால்ல இருக்கு! திரி எங்கன இருக்கு?"

எதிர்வெயில். மாமா குறி பார்க்கும்போதெல்லாம் குழல் பளீரென்று அவர் கண்ணிலேயே அடித்தது. தட்டுகள் அம்புட்டும் முழுசாகத் தரையிறங்கின. அப்பா மறுபடி ஜெயித்தார்.

காரில் திரும்பி வந்தோம். விருதுநகர் தாண்டியதும் மாமா சொன்னார்: "உள்ள நல்லாத்தான் சுத்தம் பண்ணிருக்கம்மா. குண்டு நேராத்தான் போச்சு. எங்க போச்சுங்கறதுதான் எனக்குத் தெரியல."

குழலை மதுரைக்குக் கொடுத்தனுப்பி மறுபடி கறுப்பாக்கி வாங்கிவிட்டார்கள். பேச்சு மட்டும் அப்படியே இருக்கிறது. நான் பிள்ளையைக் குளிப்பாட்டப் போனாலே மாமா கூடத்திலிருந்து குரல் கொடுப்பார்: "தாயி, பிள்ள தோள்ல இருக்கது மச்சம். தேய்ச்சிராத!"

இப்போது அத்தை இருக்கன்குடி கோயிலுக்குப் போயிருக்கிறார். போகும்போது, பரண்மேல் கிடந்த அவர் அம்மா வீட்டு விளக்கை எடுத்துக் கொடுத்து, "வாரதுக்குள்ள சுத்தம் பண்ணி வை" என்றார். விளக்கு கன்னங்கரேலென்று இருக்கிறது. தேய்க்கலாமா, கூடாதா? தெரிந்தவர்கள் தயவுசெய்து உடனே சொல்லுங்கள். அத்தை பஸ் ஏறிவிட்டாராம்.